இணையச் செய்திகளால் லாபம் அடைவது யார்?

இணைய விளம்பர வருவாய் என்பது, செய்தியின் நடுவே தோன்றும் விளம்பரத்துக்கு நிறுவனங்கள் தரும் பணம். அச்சிதழ்க் காலத்தில் வரி விளம்பரப் பணம் நேரே நாளிதழுக்கு வந்து நிருபரின் சம்பளமானது. இன்றோ விளம்பரதாரர் தேடும் வாசகர் விவரங்கள் கூகுள், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா போன்ற தளங்களிடம் குவிந்திருப்பதால், பெரும்பங்கு அங்கேயே போகிறது. விளைவித்தவர் ஒருவர், விலையையும் தரகையும் முடிவுசெய்பவர் மண்டிக்காரர் என்பதைப் போன்றது இது. மாதக்கணக்கில் அலைந்து எழுதும் புலனாய்வுக் கட்டுரையைவிட அரைமணி நேரத்துப் பரபரப்புத் தலைப்பே லாபம் தருகிறது என்பதுதான் உண்மையில் கவலைக்குரியது. இதைச் சரிசெய்ய, செய்திக்குப் பணம் தருவது பற்றிச் செய்தி நிறுவனங்களோடு பேசும்படி ஆஸ்திரேலியா 2021இல் சட்டம் இயற்றித் தளங்களைப் பேரத்துக்கு வரவழைத்தது. கனடா 2023இல் அவ்வழியே சென்றபோது, மெட்டா ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அந்நாட்டு வாசகர்களுக்குச் செய்திகளையே முடக்கிவிட்டது.

செய்தி பரவலாகப் பகிரப்பட்டால் பத்திரிகைக்கு வருமானம் கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வாசகர் சமூக ஊடகத்திலேயே தலைப்பைப் படித்துவிட்டு நகர்ந்தால், அந்த வாசிப்பால் பத்திரிகைக்கு விளம்பர வருவாய் கிடைப்பதில்லை.