எதற்கும் தீனி போடாதீர்கள், தம்பி

சிங்கப்பூருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, வாடகையும் சாப்பாட்டுச் செலவும் எப்படி, ஏப்ரலில் பூங்காக்களில் வலசைப் பறவைகளைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையைப் பற்றி உங்களுடன் வேலை செய்பவர்களே சொல்லிவிடுவார்கள். பறவைகளைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில், எதற்கும் தீனி போடாதீர்கள். 1998 தை அமாவாசையன்று, எட்டுப் பேர் ஒண்டியிருந்த வீவக (அரசு கட்டிய அடுக்குமாடி) வீட்டு ஜன்னல் விளிம்பில் காக்கைக்குச் சோறு வைத்தேன். மாலையே வீட்டுக்காரர் என்னைப் பெட்டியைக் கட்டச் சொன்னார். அப்பாவுக்கு வைத்த சோறு என்று எடுத்துச் சொல்ல எனக்கு அவர் மொழி தெரியவில்லை. இன்றைக்கென்றால் வனவிலங்குச் சட்டப்படி முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம்.

அதைவிட எனக்குப் பொறுக்காதது, புகைப்படத்துக்காகப் பறவையைப் புழு வைத்து இழுப்பதும், கைப்பேசியில் பறவையின் குரலையே ஒலிக்கவிடுவதும். நம்மவர்களும் செய்கிறார்கள். ஆர்க்டிக் கதிர்க்குருவி பத்து கிராம் அளவுதான் இருக்கும். சைபீரியப் பக்கம் வரை போக வேண்டிய உயிர் அது. இரவில் பறந்துவிட்டு, பகலில் பூச்சி தின்று கொழுப்புச் சேர்க்க நம் மரத்தில் இறங்குகிறது. கைப்பேசிக் குரலைக் கேட்டு எதிரி வந்துவிட்டான் என்று நினைக்கும் அதைக் கிளைக்குக் கிளை ஓடவிடுவது பாவம்.

சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போகச் சொல்வார்கள். அது சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்கான இடம், ஏப்ரலில் பெரும்பாலானவை வடக்கே கிளம்பியிருக்கும். நீங்கள் பிடாடரிப் பூங்காவுக்குப் போங்கள், காலை ஏழு மணிக்கு வெளிச்சம் வந்ததும். ஈப்பிடிப்பானும் கீச்சானும் கிடைக்கலாம்.

இன்று அங்கே அடுக்குமாடி வீடுகளும் நடுவில் பூங்காவும் இருக்கின்றன. நான் வந்தபோது அது பழைய கல்லறைத் தோட்டம். ஞாயிறன்று நம்மவர்கள் எல்லோரும் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில் கூடி, இந்த ஊரில் கான்கிரீட்டைத் தவிர என்ன இருக்கிறது என்று புலம்புவார்கள். இருபது வருடம் கழித்தும் அதையே சொல்பவர்களை எனக்குத் தெரியும். நான் சிராங்கூன் சாலையில் பஸ் பிடித்துப் பிடாடரிக்குப் போய்விடுவேன்.

அங்கேதான் 1999இல், பெயர் அழிந்த ஒரு கல்லறைக்குப் பின்னால் சருகு அசைந்தது. முதுகு பச்சை, இறகு நீலம், வாலடி சிவப்பு. குட்டை வாலை ஆட்டியபடி ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் புழு எடுத்தது. எங்கள் ஊர்த் தென்னந்தோப்பில் குளிர்காலத்தில் வந்து கூவும் ஆறுமணிக்குருவியின் சொந்தம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. சட்டை நனைய மண்ணில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு அன்றிரவு எழுதிய கடிதத்தில் வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.