நுண்குமிழி ஒரு நாள் 2 மைக்ரான், மறுநாள் 5: குலுக்கியைக் குறை சொல்லாதீர்கள்

நுண்குமிழிகள் (மெல்லிய கொழுப்பு ஓட்டுக்குள் வாயு அடைத்த மிகச் சிறு குமிழிகள்) ஒரு நாள் 2 மைக்ரான், மறுநாள் 5 மைக்ரான் என்று வருகின்றன, குலுக்கும் நேரத்தை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குலுக்கும் 45 விநாடியை மாற்ற வேண்டாம். ஓடாக அமையும் கொழுப்பான டிஎஸ்பிசி (DSPC) லிப்பிடை 50 டிகிரியில் கரைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கும். அது இளகுவதே சுமார் 55 டிகிரி செல்சியஸில். அதற்குக் கீழே சரியாகக் கலக்காமல் திரிதிரியாக நிற்கும்; குமிழியின் ஓடும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி அமையும். 60–65 டிகிரியில் வைத்து, கலங்கல் தெளியும்வரை சோனிகேட் செய்யுங்கள், அதாவது மீயொலியால் கலக்குங்கள். அப்புறம் ஆறவிட்டு, வாயு நிரப்பிக் குலுக்குங்கள்.

இப்படித் தயாரிப்பை மாற்றுவதற்கு முன் ஒரே குப்பியிலிருந்து மூன்று மாதிரி எடுத்து அளந்து பாருங்கள். அவையே ஒத்துவரவில்லை என்றால் தவறு தயாரிப்பில் இல்லை, எடுக்கும் விதத்தில். பெரிய குமிழிகள் மேலே மிதந்துவிடும். குப்பியை மெல்லக் கவிழ்த்துக் கலந்து, தடித்த ஊசியால் நிதானமாக உறிஞ்சுங்கள். வேகமாக இழுத்தால் பாதி உடைந்துபோகும்.

எப்படிச் செய்தாலும் குலுக்கல் முறையில் எல்லாம் ஒரே அளவில் வராது. அது வேண்டுமென்றால் மையவிலக்கியில் பிரிக்க வேண்டும், இல்லையேல் நுண்ணிய கால்வாய்களில் குமிழிகளை ஒவ்வொன்றாக உருவாக்கும் மைக்ரோஃப்ளூயிடிக் சிப்தான்.