மூன்றாவது டிஸ்க் ஓடவில்லை, காசு திரும்புமா?

கேள்வி: கல்லூரியில் படித்தபோது அறை நண்பனின் பிளேஸ்டேஷனில் பாதியில் விட்ட ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ கேமை ஒருவழியாகப் போன வாரம் முடித்துவிட்டேன். அதற்குள் இரண்டு தடவை காசு போய்விட்டது. ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் ஒரு பழைய எலக்ட்ரானிக்ஸ் கடையில் மெஷின், மெமரி கார்டு, மூன்று டிஸ்க் எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். பில்லில் ‘ஒரிஜினல் டிஸ்க் 3’ என்று எழுதியிருக்கிறது. மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மூன்றாவது டிஸ்குக்கு வந்தால், அது ஓடவே இல்லை. உடனே போய்க் கேட்டேன். ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டினார் கடைச் சேட்டன். வழக்குப் போட்டாலும் திருவனந்தபுரத்தில்தான் போட வேண்டும் என்கிறார். அடுத்த வாரம் மெமரி கார்டில் இருந்த சேவ் (ஆடி நிறுத்திய இடத்தின் பதிவு) எல்லாம் அழிந்துபோனது. கடைசியில் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கி, முதலிலிருந்து ஆடி முடித்தேன். கடையில் பணம் கேட்க வழி உண்டா? முடித்த கேமை ஸ்டீமில் விற்க முடியுமா?
வாசகர், மார்த்தாண்டம்

பதில்: முதலில் வாழ்த்துகள். 1997-ல் வந்த அந்த கேமைத் தொடங்கியவர்களில் பலரும் இரண்டாவது டிஸ்கிலேயே நின்றுவிட்டவர்கள்தான். அதில் வரும் பெரும் எதிரிகளான எமரால்டு வெப்பனையும் ரூபி வெப்பனையும் வீழ்த்தினீர்களா என்று கேட்க மாட்டேன். அவை இல்லாமலும் கதை முடிந்துவிடும்.

இப்போது அந்த டிஸ்குகளைத் திருப்பிப் பாருங்கள். முதல் பிளேஸ்டேஷனுக்கு சோனி வெளியிட்ட டிஸ்குகளின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். வெள்ளியாகவோ பச்சை, நீலமாகவோ மின்னினால் அது யாரோ கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்த காப்பி. (கறுப்பாக இருப்பதால் மட்டும் ஒரிஜினல் ஆகிவிடாது, கறுப்பு நிறத்திலும் காலி டிஸ்க் விற்றார்கள்.) சாதாரண மெஷினில் காப்பி டிஸ்க் ஓடாது. உங்களுடையதில் முதல் இரண்டும் ஓடியிருந்து, அவையும் காப்பியாக இருந்தால், மெஷினைப் பிரித்து உள்ளே காப்பியையும் ஓடவைக்கும் சிப் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

டிஸ்க் காப்பிதான் என்றால் உங்கள் பக்கம் வலு அதிகம். பழசு என்று சொல்லி விற்றதில் தப்பில்லை. ஒரிஜினல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேறொன்றைத் தந்ததுதான் தப்பு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அசல் என்று பொய்யாகச் சொல்லி விற்கும் சரக்கைப் போலிப் பொருள் என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக முறை என்கிறது. பில்லில் காலக்கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் அதற்குள் போய்க் கேட்டிருக்கிறீர்கள். அச்சடித்த ஒரு வரியைக் காட்டி இதையெல்லாம் தள்ளிவிட முடியாது. காப்பி என்று தெரிந்தே, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியிருந்தால் மட்டும் பேசாமல் இருந்துவிடுங்கள்.

வழக்கு விஷயத்தில் சேட்டன் சொல்வது தவறு. புகார் கொடுப்பவர் வசிக்கும் ஊரிலும் வழக்குப் போடலாம் என்று 2019 சட்டத்தின் 34-வது பிரிவு சொல்கிறது. அதனால் களியக்காவிளை எல்லையைத் தாண்டவே வேண்டாம், நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டால் போதும்.

ஆனால் நேராக ஆணையத்துக்குப் போக நான் சொல்ல மாட்டேன். பில், டிஸ்கின் அடிப்பக்கப் படம் இரண்டையும் சேர்த்துக் கடைக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். பதினைந்து நாள் பார்த்துவிட்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். 6,500 ரூபாய் விவகாரம் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே பேசி முடிக்கக்கூடியது.

மெமரி கார்டு விஷயத்தில் உங்களுக்கு அவ்வளவு வலு இல்லை. சோனியின் கார்டில் சேவ் வைக்க 15 பிளாக், அதாவது 15 இடம். வேறு கம்பெனிகள் அதே அளவுக்குள் பல மடங்கு அடைத்து, பட்டனை அழுத்திப் பக்கம் மாற்றும்படி விற்றன. சேவ் தொலைவதில் பேர் வாங்கியவை அவை. சேவ் ஆகும் நேரத்தில் கரண்ட் போனாலும் கெட்டுவிடும். எதனால் அழிந்தது என்று நிரூபிப்பது கஷ்டம். இதைப் பிடித்துக்கொண்டு நின்றால் டிஸ்க் புகாரும் நீர்த்துப்போகும். பழைய மெஷினில் ஆட நினைக்கும் மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: டிஸ்க் வாங்கப் பேரம் பேசுவதைவிட நல்ல கார்டு இரண்டு வாங்கி இரண்டிலும் சேவ் செய்யுங்கள். நாற்பது மணி நேர உழைப்பு அதில்தான் இருக்கிறது.

ஸ்டீமில் வாங்கியதை விற்க முடியாது. அங்கே நீங்கள் வாங்கியது ஆடுவதற்கான உரிமம் மட்டுமே, கணக்கையும் கைமாற்றக் கூடாது. வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் என்றால்தான் பணம் திரும்ப வரும். முடித்தே விட்டீர்கள், அதை மறந்துவிடுங்கள். ஒரே வீட்டில் இருப்பவர்களோடு குடும்பக் குழுவில் பகிர்ந்துகொள்ளலாம், உங்களையும் சேர்த்து ஆறு பேர் வரை.

கேள்வி: 2001-ல் வாங்கிய ரோல்-பிளேயிங் கேம் சிடி புது லேப்டாப்பில் ஏறவில்லை. சிடியில் ஒரு கீறல்கூட இல்லை. லேப்டாப் விற்றவர் மாற்றித் தர வேண்டாமா?
வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: வேண்டியதில்லை. அந்தக் காலத்து கேம் சிடிகள் பலவற்றில் காப்பி அடிப்பதைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அதற்கு வேண்டிய டிரைவர் மென்பொருள் பாதுகாப்புக்கு ஆபத்து என்று விண்டோஸ் 10-லிருந்து மைக்ரோசாஃப்ட் சேர்ப்பதில்லை. சிடி, லேப்டாப் இரண்டுமே சரியாக இருந்தும் ஓடாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று இணையத்தில் கிடைக்கும் கோப்புகளை இறக்காதீர்கள், வைரஸும் கூடவே வரும். பழைய கேம்களையும் விற்கும் ஜிஓஜி தளத்தில் அந்த கேம் இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கே பூட்டு கிடையாது, இன்ஸ்டாலரை இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம், ஓடாவிட்டால் 30 நாளுக்குள் பணம் திரும்பக் கேட்கலாம்.