குழுக் கடனை அடைக்க இன்னொரு கடனா?

கேள்வி: வீட்டிலேயே வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை செய்கிறேன். எடைக்குத்தான் கூலி. வெள்ளி கிலோ 1 லட்சம் ரூபாயைத் தாண்டியதிலிருந்து வேலை பாதியாகிவிட்டது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு நிறுவனத்தில் வாங்கிய கடனுக்கு வாரத் தவணை கட்ட இன்னொரு நிறுவனத்தில் கடன் வாங்கலாமா?
- வாசகி, சிவதாபுரம், சேலம்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. விலை ஏறினால் பட்டறைக்காரரிடம் இருக்கும் சரக்காவது மதிப்புக் கூடும். உங்களுக்கு அதுவும் இல்லை. கையில் இருக்கும் பணத்துக்கு மக்கள் மெலிந்த கொலுசாகப் பார்த்து வாங்குகிறார்கள். உங்களுக்கோ கண்ணிக்குக் கண்ணி அதே ஊதுகுழல், அதே புகை. தராசில் மட்டும் எடை குறைகிறது. எடைக்குப் பதில் ஜோடிக்குக் கூலி கேட்டுப் பாருங்கள். தனியாகக் கேட்டால் நடக்காது, தெருவோடு சேர்ந்து கேளுங்கள்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் முதல் இத்தகைய சிறு கடன்களுக்கான ரிசர்வ் வங்கி விதிப்படி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக் கடன் தரக்கூடாது. தருகிறேன் என்று வருபவர் உங்கள் வருமானத்தைக் கூட்டி எழுதுவார், எழுத விடாதீர்கள். தாமதமானால் அபராதம் கட்டத் தவறிய தவணைத் தொகைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் இல்லை. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்கு அழைக்கக்கூடாது. மற்றப் பெண்கள் முன்னிலையில் தலைகுனிவோமோ என்ற பயம்தான் இந்தக் கடனுக்கு அடமானம். அது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

தவணையைக் குறைத்து மாற்றித் தரும்படி கடன் தந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு 14448. அதுவரை கட்டும் ஒவ்வொரு ரூபாயையும் கடன் அட்டையில் பதிந்து வாங்குங்கள்.