மாமாவின் கடையில் மீன் வெட்டினால் ஈஐ நின்றுவிடுமா?

கேள்வி: கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். வெயார்ஹவுஸ் வேலை போய் மூன்று மாதம். வாரம் 800 டொலர் எடுத்த எனக்கு இப்போது ஈஐ, அதாவது வேலை இழந்தவர்களுக்கு அரசு தரும் காப்புறுதிப் பணம், 440 டொலர் வருகிறது. எட்டு வாரமாக மாமாவின் மளிகைக் கடையில் வாரம் 25 மணித்தியாலம் மீன் வெட்டுகிறேன். சனிக்கிழமைகளில் 300 டொலரைப் பாண் பையில் சுற்றித் தருவார். "ஈஐக்குச் சொல்லிப்போடாதை, எல்லாத்தையும் வெட்டிப்போடுவாங்கள்" என்கிறார். பயமாக இருக்கிறது. மிச்சம் பிடிக்கும் காசை, முதலீட்டோடு சேர்ந்த ஆயுள் காப்புறுதியில் போடச் சொல்லி ஒரு முகவர் வந்து போகிறார். போடலாமா?

பதில்: காப்புறுதியைப் பிறகு பார்ப்போம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈஐக்கு அனுப்பும் அறிக்கையில் நீங்கள் அழுத்தும் அந்த 'இல்லை'தான் உங்களைப் பயமுறுத்துகிறது. வேலை செய்தீர்களா, வருமானம் வந்ததா என்று கேட்கும் அதே கேள்வியில், பிறகு கிடைக்கப்போகும் சம்பளமும் சம்பளமில்லாத வேலையும் இதில் அடங்கும் என்று எழுதியே இருக்கிறது. எட்டு வாரத்தில் நான்கு முறை பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

எல்லாத்தையும் வெட்டுவார்கள் என்பது சரியில்லை. உழைக்கும் ஒரு டொலருக்கு ஈஐயில் 50 சதம் குறையும். பழைய வாரச் சம்பளத்தின் 90 வீதம் வரை, உங்களுக்கு 720 டொலர் வரை, இதுதான் கணக்கு. அதற்கு மேல் போனால் டொலருக்கு டொலர் வெட்டு. முழு வாரமும் வேலை செய்தால் அந்த வாரம் ஈஐ இல்லை.

ஆக, 300 டொலரைச் சொல்லியிருந்தால் ஈஐ 290, சம்பளம் 300, மொத்தம் 590. மறைத்ததால் 740. வாரம் 150 டொலர் லாபம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் 300ஐ 25ஆல் பிரித்துப் பாருங்கள், மணித்தியாலத்துக்கு 12 டொலர். ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபரிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 17.60. அதன்படி உங்களுக்கு வரவேண்டியது 440. அதில் பாதியை ஈஐயில் கழித்தாலும் 220, சம்பளம் 440, மொத்தம் 660. வரிக்கு முந்திய கணக்குத்தான். பொய்யால் உங்களுக்குக் கிடைப்பது வாரம் 80 டொலர். மாமாவுக்கு மிச்சம் 140, அதோடு உங்களுக்காக அவர் கட்டவேண்டிய ஓய்வூதிய, ஈஐ பங்கும்.

வேலை போன நேரத்தில் கூப்பிட்டு வேலை தந்தவர் என்ற நன்றி இருக்கட்டும். ஆனால் அகப்பட்டால் காசைத் திருப்பிக் கட்டப்போவது நீங்கள். தண்டம் மூன்று மடங்கு வரை போகலாம். அடுத்த முறை ஈஐ எடுக்கக் கூடுதல் மணித்தியாலங்களும் கேட்பார்கள். இப்போது வெட்டும் மணித்தியாலங்களோ எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கத்தி கையில் பட்டால், அன்று அங்கே வேலை செய்தீர்கள் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

இந்த வாரமே ஈஐயைக் கவனிக்கும் அரசு அலுவலகமான சேர்விஸ் கனடாவுக்கு நீங்களே அழைத்து நான்கு அறிக்கைகளையும் திருத்துங்கள். அவர்கள் விசாரணை தொடங்கும் முன் சொன்னால் தண்டத்தை விட்டுவிட இடமுண்டு. எட்டு வாரம், வாரத்துக்கு 150 டொலர்படி, 1,200 டொலர் அளவில் திருப்பிக் கட்டவேண்டி வரும். தவணையாகக் கட்டக் கேளுங்கள். அப்புறம் மாமாவிடம் போய், "மாமா, சம்பளத் துண்டு போட்டுத் தாங்கோ, இல்லாட்டி என்னாலை வர ஏலாது" என்று நேராகச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இனி அறிக்கையில் எழுதும்போது, காசு கைக்கு வந்த வாரத்தைப் பார்க்காதீர்கள், வேலை செய்த வாரத்தில், கழிவுகளுக்கு முந்திய தொகையைப் போடுங்கள். முழுநேர வேலை தேடுவதையும் நிறுத்தக் கூடாது. எங்கெங்கே விண்ணப்பித்தீர்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

சரி, அந்த முகவர். வருடக்கணக்காகக் கட்டவேண்டிய திட்டம் அது. ஆரம்ப வருடங்களில் நிறுத்தினால் கட்டியதில் கொஞ்சம்தான் திரும்பி வரும், சிலவேளை ஒன்றுமே வராது. நிலையான வேலை இல்லாதவருக்கு இதை விற்க வருபவரிடம் எனக்கு நல்லெண்ணம் இல்லை. மிச்சம் என்று நீங்கள் வைத்திருக்கும் காசில் 1,200 டொலர் உங்களுடையதே இல்லை. கையெழுத்து வைக்காதீர்கள்.