பட்டா இருந்தும் பட்டறைக்கு அனுமதி இல்லையா?

கேள்வி: காட்பாடிப் பக்கம் என் தந்தையார் வாங்கிய மனைக்குப் பட்டா, பத்திரம் எல்லாம் இப்போது என் பெயரில் உள்ளன. அங்கே வெல்டிங் பட்டறை அமைக்க விண்ணப்பித்தபோது, அது குடியிருப்பு மண்டலம் என்று திருப்பிவிட்டார்கள். என் சொந்த நிலத்தில் நான் என்ன செய்யலாம் என்பதை மாநகராட்சி மாமன்றம் எப்படி முடிவு செய்யலாம்?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: நிலம் யாருடையது என்பதைத்தான் பட்டா சொல்லும். அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்வது, 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி தயாராகும் முழுமைத் திட்டம். பேச்சு வழக்கில் மாஸ்டர் பிளான். இதை மாமன்றம் தனியாக முடிவு செய்வதில்லை. திட்டக் குழுமம் தயாரிக்கும் வரைவுக்கு மாநில அரசு ஒப்புதல் அளித்து, அரசிதழில் வெளியிட்ட பிறகே அது நடைமுறைக்கு வருகிறது. அதன் பிறகு, 60 வார்டுகள் கொண்ட நம் மாநகராட்சியே நினைத்தாலும் அதை மீறிக் கட்டட அனுமதி தர இயலாது.

குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை என ஒவ்வொரு சர்வே எண்ணும் ஏதேனும் ஒரு மண்டலத்தில் அடங்கும். குடியிருப்பு மண்டலத்தில் மளிகைக் கடைக்கும் மருத்துவரின் ஆலோசனை அறைக்கும் இடமுண்டு; நாள் முழுவதும் இரும்பு அறுக்கும் பட்டறைக்கு இடம் கிடைப்பது கடினம்.

இந்தப் பாகுபாடு ஏன் தேவை என்பதை வட ஆற்காட்டுக்காரர்களான நாம் அனுபவித்தே அறிந்திருக்கிறோம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், தீங்கு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற கோட்பாடு நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வளவு தூரம் போவானேன்? பெரிய மருத்துவமனையை ஒட்டிய தெருக்களில் ஒரு மாலை நடந்து பாருங்கள். ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் இன்று அறைக்கதவுக்கு ஓர் எண், வாசலில் வங்காள எழுத்தில் பலகை. தண்ணீர் லாரி வந்து நின்றால் ஆட்டோ திரும்ப வழியில்லை. நோயாளிகளின் குடும்பங்களுக்குத் தங்க இடம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நான்கு பேருக்காகப் போட்ட சாக்கடை நாற்பது பேரைத் தாங்காது. (கோட்டையைச் சுற்றி உள்ளவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: மத்திய தொல்லியல் சட்டப்படி முதல் 100 மீட்டரில் புதிய கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அடுத்த 200 மீட்டரில் முன் அனுமதி பெற வேண்டும்.)

நீங்கள் நில உபயோக மாற்றம் கோரி விண்ணப்பிக்கலாம். அப்போது அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபணையும் கேட்கப்படும். அனுமதி மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் சட்டத்தில் வழியுண்டு. ஆயினும், மனையைச் சுற்றி வீடுகள் இருக்குமானால், பட்டறைக்குத் தொழில் மண்டலத்தில் வாடகை இடம் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. மனை வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே சர்வே எண்ணைச் சொல்லி மண்டலத்தைக் கேட்டறிய வேண்டும்.

கேள்வி: வரைவுத் திட்டத்தில் எங்கள் காலி மனையின் குறுக்கே சாலை காட்டப்பட்டுள்ளது. நிலம் கைவிட்டுப் போனதாகவே பொருளா?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: இல்லை அம்மா. வரைபடத்தில் கோடு விழுந்ததனால் உரிமை மாறிவிடாது. அரசிதழ் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்பு வராமலும், உடன்பாட்டின் மூலம் நிலம் வாங்கப்படாமலும் இருந்தால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கருத வேண்டும் என்று சட்டத்தின் 38ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வரைவு வெளியானதும் ஆட்சேபணைக்கு 2 மாதங்களுக்குக் குறையாமல் அவகாசம் தரப்படும். அதற்குள் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, பட்டா நகலை இணைத்து, உங்கள் மனைக்குப் பதிலாகச் சாலை எந்த வழியில் போகலாம் என்பதையும் எழுதித் திட்டக் குழும அலுவலகத்தில் நேரில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.