ஈயம் உருக்கும்போது வர்ற சாம்பலை வழிச்சு கொட்டலாமா?

கேள்வி: தூண்டிலுக்கு ஈயக்குண்டு நானே வார்த்துக்குறேன். பழைய பைப்பு, டயர் கடையில சக்கரம் ஆடாம இருக்க மாட்டுற வீல் வெயிட்டுன்னு கிடைச்சதெல்லாம் போட்டு உருக்கினா மேல சாம்பலா ஏடு கட்டிக்கிட்டே இருக்கு, வழிக்க வழிக்க திரும்ப வருது. சில தடவை ஈயமே கூழ் மாதிரி ஆகி அச்சுல இறங்க மாட்டேங்குது. பேட்டரி தகடும் கொஞ்சம் கிடக்கு, சேர்க்கலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கடைசி கேள்விக்கு முதல்ல சொல்லிடுறேன், பேட்டரி தகடு வேணவே வேணாம். ஆசிட் ஊறியிருக்கும், ஆன்டிமணி, ஆர்செனிக், கால்சியம்னு என்னென்னவோ கலந்திருக்கும், அந்தக் கசடுல ஈரம் பட்டா ஆர்சைன், ஸ்டிபைன்னு விஷ வாயு கிளம்பலாம். 2022 பேட்டரி கழிவு விதிப்படி அது பதிவு பண்ணின ரீசைக்கிள்காரங்ககிட்டதான் போகணும், பேட்டரி கடையில கொடுத்துடுங்க.

இப்ப அந்த சாம்பலுக்கு வருவோம். அழுக்குன்னு நீங்க கொட்டுறதுல பெரும்பங்கு ஈயம்தான், காத்து பட்டு ஆக்சைடா மாறினது, நல்ல ஈயமும் அதோட ஒட்டிக்கிட்டு போயிடும். கோலிக்குண்டு அளவு மெழுகுவர்த்தித் துண்டு ஒண்ணை மேல போடுங்க, குப்புன்னு புகை வரும், முகத்தை தள்ளி வச்சுக்கிட்டு அந்தப் புகையை பத்த வச்சிடுங்க, எரியும்போதே இரும்புக் கரண்டியால அடி, ஓரம் எல்லாம் சுரண்டி கிளறணும். மெழுகு ஆக்சிஜனை இழுத்துக்க ஏடுல நிறைய திரும்ப ஈயமாயிடும், மேல பளபளன்னு தெரியும், கடைசியா கறுப்பா உதிரியா நிக்குற பொடியை மட்டும் வழிச்சா போதும். காஞ்ச மரத்தூளும் ஆகும்.

கூழாகுறது வேற கதைங்க, அனேகமா ஜிங்க் கலந்திருக்கு. வீல் வெயிட்டு இப்பல்லாம் ஜிங்க்லயும் இரும்புலயும் வருது. இரும்பை காந்தம் காட்டிக் கொடுத்துடும். கட்டிங் பிளேயரால கடிச்சா ஈயத்துல பள்ளம் விழும், ஜிங்க் வழுக்கும், தரையில போட்டா டிங்குன்னு சத்தமும் போடும். ஒண்ணு ரெண்டு தப்பிச்சு உள்ள போனாலும் பயமில்ல, ஈயம் 327 டிகிரியில உருகும், ஜிங்க்குக்கு 420 வேணும், அதனால தீயை அடக்கி வச்சா ஜிங்க் துண்டு உருகாம மிதக்கும், ஓட்டைக் கரண்டியால உடனே எடுத்துடுங்க, விட்டா மெல்ல கரையும். சூடு பார்க்க மீட்டர் ஒண்ணு வாங்குங்க, கண்ணை நம்பாதீங்க.

ஏற்கெனவே கலந்துட்டா, உறையுறதுக்கு கொஞ்சம் முன்னாடி வரைக்கும் ஆறவிடுங்க, ஜிங்க் தடிச்ச ஏடா மேல வரும், வழிச்சிடலாம். (ஈயத்துல இருக்குற வெள்ளியை எடுக்க வேணும்னே ஜிங்க் போட்டு இப்படி வழிக்குறதுக்கு அலெக்சாண்டர் பார்க்ஸ்ங்குற இங்கிலாந்துக்காரர் 1850லயே பேடண்ட் வாங்கினார்!) ஆனா அரை சதவீதம் போல உள்ளேயே தங்கிடும், சுத்த ஈயம் சேர்த்து நிரவிக்கோங்க, தூண்டில் குண்டுக்கு அது தாங்கும்.

ஒரு விஷயம் நீங்க கேக்கல, ஆனா பைப்புன்னு சொன்னதால சொல்றேன். உள்ள தண்ணி நின்னிருக்கும், உருகின ஈயத்துல அதைப் போட்டா நீராவியாகி ஈயத்தையே மூஞ்சில தெறிக்க விட்டுடும். அறுத்து காயவச்சு, ஆறின சட்டியில அடுக்கிட்டு அப்புறமா அடுப்பைப் பத்த வைங்க, அச்சுலயும் ஈரம் இருக்கக் கூடாது. சட்டி இரும்பா இருக்கட்டும், சமையலறைக்கு அது திரும்பவே கூடாது. வேலை வெட்டவெளியில, புள்ளைங்க நடமாடாத இடத்துல. வழிச்ச கசடு ஈயத்தூள்தான், மூடி போட்ட டப்பாவுல வைங்க, கை கழுவி சட்டையை மாத்திட்டு வீட்டுக்குள்ள போங்க.